‘மற்றவை’ கட்டத்தில் நாற்பத்தொரு மரங்கள்

1
இந்தக் கதையை அக்காவின் மேலிருந்த கோபத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். அவள் தாவர ஆய்வாளர். வெட்ட அனுமதி கேட்டிருக்கும் மழைக்காட்டுக்குள் போய், என்னென்ன மரம் நிற்கிறதென்று படிவம் நிரப்புவது வேலை. அரிய மரம் இருந்தால் காடு பிழைக்கும்.

2
முதல் தொடக்கம்: ‘பசுமைப் போர்வை போர்த்திய அந்தக் கானகத்தில்…’ (அடித்துவிட்டேன். காலண்டர் வாசகம்.)

இரண்டாவது: ‘மழைக்காடு தான் குடித்த நீரையே மூச்சாக விட்டு மேகமாக்குகிறது. அதை வெட்டினால் எங்கோ இருக்கும் வயலும் காயும், அதனால்…’ (உண்மைதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.)

3
நடந்தது இதுதான். மழைக்காட்டு மரத்தின் உச்சியில் இருக்கும் பூ கைக்கு எட்டாது. கீழே உதிர்ந்ததை வைத்துத்தான் இனத்தை உறுதி செய்வார்கள். அந்த மரங்களோ பல வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அக்காவுக்குக் கொடுத்தது ஒன்பது நாள். ஒரு பூவும் விழவில்லை. அடையாளம் தெரியாத நாற்பத்தொரு மரங்களை ‘மற்றவை’ கட்டத்தில் எழுதினாள். அலுவலகத்தில் ‘மற்றவை’ என்றால் முக்கியமில்லாதவை. அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

“ஏதாவது அரிய மரத்தோட பேரப் போட்டுத் தொலைச்சிருக்கலாம்லக்கா?”

“தெரியாதத தெரியும்னு எப்படிடா எழுதுறது?”

“ஆமா, உன் நேர்மைய ஃப்ரேம் போட்டு மாட்டு.”

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

[இவ்வளவு நேர்மையான பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். கூடப் பிறந்துவிட்டாள், மாற்றி எழுத முடியவில்லை.]

4
முடிவு ஒன்று: நீதிமன்றம் தடை போடுகிறது. (போட்டது. ஆணை வந்து சேர்வதற்குள் நாற்பத்தொன்றும் சாய்ந்துவிட்டன.)

முடிவு இரண்டு: ரம்பம் பிடித்தவர் மனம் மாறுகிறார். (அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. மாறவில்லை.)

மூன்றாவதை நான் எழுதவில்லை. நேற்று அக்கா போன் செய்தாள். விழுந்ததில் ஒரு மரத்தின் உச்சிக்கிளை அவள் இடுப்பு உயரத்தில் கிடந்ததாம். கிளை முழுக்க மொட்டு. இன்னும் இருபது நாள் விட்டிருந்தால் பூத்து உதிர்ந்திருக்கும். மொட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

“எந்தப் புத்தகத்துலயும் இல்லடா. புது இனம். வேற எங்கயும் இருக்குற மாதிரியும் தெரியல.” அழுதாள். “பதிவு பண்றதுக்குப் பேர் வேணும். நீதான கதை எழுதுறவன், ஒண்ணு சொல்லேன்.”

அப்போதிருந்து இந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மரத்துக்கு நான் வைக்கும் பெயர்

வரவில்லை. நீங்களே ஒன்று வைத்துவிடுங்கள். அவசரமில்லை. இனி அதை யாரும் வெட்டப்போவதில்லை.