மாதத்தில் ஒருநாள் முகம்

"ஒரு மாசத்து வேலையை ஒரே நாள்ல முடிச்சிட்டேங்க!"

"சும்மா சொல்லாத."

"நிஜமா. அட்டைக்கு ஒரே அச்சு, எழுத்து ரெண்டு வகை, நிறம் மூணு. சாப்பாட்டையும் என் மூஞ்சியையும் மட்டும் மாத்தி மாத்தி வெச்சேன். இனிமே அதது அந்தந்த நாள்ல நம்ம இணையப் பக்கத்துல தானா ஏறிக்கும்."

"அப்போ மீதி நாளெல்லாம் உன் மூஞ்சி யாருக்கும் வேண்டாம்?"

"உங்களுக்குக் கூடவா வேண்டாம்?"

ஜேகுன் சிரித்தான். ஹேவோனும் சிரித்தாள். அன்றைக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே ஒரு மயக்கம் இருந்தது.

இப்போது குளியலறைத் தரையில், கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு அந்தப் பேச்சை நினைத்தாள். உதடு கிழிந்திருந்தது. இடது கண் மூடிக்கொண்டே வந்தது. விழுங்கும்போதெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது.

தேஜான் நகரில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை இணையத்தில் பார்க்காத ஆள் குறைவு. கணவன் சமைப்பான், மனைவி ருசி பார்த்துச் சிரிப்பாள். ஒவ்வொரு பதிவிலும் அந்தச் சிரிப்புதான் முதல் பட அட்டை. செய்முறை அடுத்த அட்டைகளில். நிஜத்தில் சமைப்பதும் அவள்தான், படமெடுப்பதும் வடிவமைப்பதும் அவள்தான். ஜேகுனின் கைகள் மட்டும் படத்தில் வரும், வெங்காயத்தாளை அரிந்தபடி. அழகான கைகள் என்று பெண்கள் எழுதுவார்கள்.

முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் படமெடுக்க வேண்டியிருந்தது. அதனால் அவன் கவனமாக இருந்தான். தோள், தொடை, தலைமுடிக்குள். சட்டை மூடாத இடத்தில் அவன் கை பட்டதே இல்லை. எல்லாப் படத்தையும் ஒரே நாளில் எடுத்து முடிக்க அவள் கற்றுக்கொண்ட பிறகு அந்தக் கவனம் தேவைப்படவில்லை. காலையிலிருந்து ஸ்வெட்டரை மாற்றி, கூந்தலைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, அடுத்த மாதத்துச் செர்ரிப் பூவைக் காகிதத்தில் செய்து பின்னால் ஒட்டி, சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்க அவள் உட்காரும்போது அவன் வந்து கேட்பான். "எல்லாம் ஆயிடுச்சா?"

முதல் தடவை அக்கறை என்று நினைத்து, "ஆயிடுச்சுங்க" என்றாள். அன்று சூப்பில் உப்பு கூடியிருந்தது. கன்னத்தில் விழுந்த அறையில் அவள் நாற்காலியோடு சாய்ந்தாள்.

அப்புறம் அவள் பொய் சொல்லப் பழகினாள். "இன்னும் ரெண்டு படம் பாக்கி இருக்கு." மறுநாள், "வெளிச்சம் சரியில்லை." அப்படியே நாட்களை நகர்த்தினாள். இன்று மதியம் அவன் அவளுடைய கணினியைத் திறந்தான். மாதம் முழுவதுக்குமான அட்டைகள் வரிசையாக, நேரம் குறித்துத் தயாராக நின்றன. எல்லாவற்றிலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கின்னு சொன்னியே, எது பாக்கி?" கூந்தலைப் பிடித்து அவள் முகத்தை மேசையில் மோதினான். "காட்டு. எந்தப் படம் பாக்கி?" இன்னொரு மோதல். கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணம் உருண்டு உடைந்தது. கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தான். அடுத்த உதைக்கு அவன் காலைத் தூக்கியபோது அவள் உருண்டு எழுந்து ஓடிவந்து தாழிட்டாள்.

கைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. கடலோர ஊரான யோசுவிலிருந்து அக்கா மிரான். மீன் அங்காடியில் கடை வைத்திருப்பவள். வாரம் தவறாமல் அழைப்பாள். ஹேவோன் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அடியே, இப்பத்தான் பார்த்தேன், பச்சை ஸ்வெட்டர்! வெள்ளரிக்காய்க்குக் கைகால் முளைச்ச மாதிரி இருக்கே!" அங்காடி இரைச்சலுக்கு மேலே அக்காவின் குரல். "உன் வீட்டுக்காரன் என்னத்தைப் போட்டு வளக்குறான் உன்னை? எம் புருஷன் ஒரு முட்டை கூட அவிச்சதில்ல, தெரியுமா?"

இன்றைய அட்டை தானாக ஏறியிருந்தது.

"ஹேவோன்," கதவுக்கு வெளியே ஜேகுனின் குரல் மெதுவாக, கனிவாக வந்தது. "திறம்மா. மருந்து போட்டு விடுறேன்."

"யாருடி, மாப்பிள்ளையா? என்ன மருந்து?"

ஹேவோனிடம் ஒரு வாக்கியம் இருந்தது. கல்யாணமான இரண்டாவது குளிர்காலத்திலிருந்து இருந்தது. ஒவ்வொரு அழைப்பிலும் அது தொண்டை வரை வரும். அவள் அங்கே காற்று எப்படி, மீன் எப்படி என்று கேட்டு அதை விழுங்குவாள். தன் சிரிப்பைத் தினமும் பார்க்கிற அக்கா அதை எப்படி நம்புவாள்?

கதவு அதிர்ந்தது. தாழின் ஒரு திருகாணி பெயர்ந்து அவள் தோளில் பட்டுத் தெறித்தது. "திறடி!"

ஹேவோன் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள். எந்தப் பக்கம் திரும்பினால் அழகு, எங்கே வெளிச்சம் என்று யோசிக்கவில்லை. படம் தெரியும்படி அழைப்பை மாற்றினாள்.

திரையில் ரப்பர் கையுறையும் கத்தியுமாக மிரான். பலகையில் பாதி அறுத்த வாளை மீன். சிரித்த வாய் சிரித்தபடியே நின்றுபோயிருந்தது. கத்தி மட்டும் மெல்லத் தாழ்ந்தது.

"அக்கா," என்றாள் ஹேவோன். பின்னால் கதவு மறுபடி அதிர, உதட்டிலிருந்து ரத்தம் திரையில் சொட்டி அக்காவின் முகத்தின் மேல் வழிந்தது. "என்னை வந்து கூட்டிட்டுப் போ."