மச்சான் கட்டடம், மாப்பிள்ளை கட்டடம்

ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு அடுக்குமாடிகள். இந்தப் பக்கத்தை வரைந்தது மாப்பிள்ளை வேலை பார்க்கும் நிறுவனம். அந்தப் பக்கத்தை வரைந்தது அவன் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், வேலை பார்க்கும் நிறுவனம். ஊரில் எத்தனையோ தெருக்கள் இருக்க, இரண்டும் முகத்துக்கு முகம் வந்து நின்றது விதியின் குசும்பு. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்த எந்தச் சாப்பாடும் ஆறாமல் முடிந்ததில்லை.

மச்சானுடையதைத் தீப்பெட்டி அடுக்கு என்பான் மாப்பிள்ளை. ஜன்னல்கள் யார்மேலோ கோபித்துக்கொண்டு கண்ணை இடுக்கி நிற்பதாகச் சொல்வான். மச்சான் நிதானக்காரர். தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்களுது இழுத்துவிட்ட மேசை டிராயர் மாதிரி இருக்கு மாப்பிள்ளை. போறவன் வர்றவன் யாராவது தள்ளி மூடினா தேவலை" என்பார். அது பால்கனிகளுக்கு விழுந்த குத்து. அந்தப் பால்கனிகளின் வரைபடத்துக்காகத்தான் மாப்பிள்ளையின் நிறுவனத்துக்குப் பரிசு கிடைத்திருந்தது. பரிசு முதலாளியின் அறையில் இருந்தது. பெருமையை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தது இவன்.

மனைவிக்கு இந்தச் சண்டையில் அக்கறை கிடையாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத ஓர் அறை. பாடப்புத்தகங்களை வாசித்துக் குரல்பதிவாகக் கொடுப்பது அவள் தொழில். இருக்கும் வாடகை வீட்டில் மேல்மாடிக்காரர் நாற்காலியை நகர்த்தினால்கூட அது பாடத்தில் சேர்ந்துவிடும். அதனால் துணி அலமாரிக்குள், தொங்கும் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்பாள். வீடு வரைகிறவனின் பெண்டாட்டி அலமாரியில் குடியிருக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் தொழில் என்ன ஆவது?

வீடு வாங்கும் நேரம் வந்ததும் இரண்டு கட்டடத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னாள். வெளியே எப்படி இருந்தால் என்ன, நாம் உள்ளேதானே இருக்கப்போகிறோம் என்றாள். இரண்டு நிபுணர்களுக்கும் அது சுருக்கென்றது.

முதலில் மாப்பிள்ளை கட்டடம். அது இன்னும் பாதியில் நின்றதால், விற்பனை அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகைக்குள் மாதிரி வீடு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். அவள் பால்கனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே படிப்பறைக்குப் போனாள், ஒருமுறை கை தட்டினாள், காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

பரிசு வாங்கிய அன்றுகூட அவனுக்கு மனம் அப்படிக் குளிர்ந்ததில்லை.

பிறகு மச்சான் கட்டடம். அங்கே மாதிரி வீட்டில் ஓர் அறைக்கும் கதவில்லை. அறைகள் பெரிதாகத் தெரியட்டும் என்று கதவைக் கழற்றிவிடுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை. மாப்பிள்ளையும் செய்திருக்கிறான். அது அவன் வாயை அடைக்கவில்லை. கதவெல்லாம் கோபித்துக்கொண்டு எங்கே போயின என்று விசாரித்தான். மச்சான் தாடையைத் தடவிக்கொண்டார். அவள் கை தட்டிய சத்தம் மூன்று அறைக்கும் போய்த் திரும்பி வந்தது.

தெருமுனை டீக்கடையில், மாப்பிள்ளை கட்டடத்து வீட்டுக்கே மறுநாள் முன்பணம் கட்டிவிடலாம் என்று முடிவானது. மச்சான் தோல்வியை ஒரு பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கினார். அந்த அறை எவ்வளவு அமைதி, இனிமேல் நாள் முழுக்க வேலை எடுக்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். மாப்பிள்ளைக்கு டீ இறங்கவில்லை.

கொட்டகையில் இருந்த மாதிரி வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. கட்டடத்தில் உண்டு. முதலில் அது படிக்கட்டை ஒட்டித்தான் இருந்தது. பால்கனிக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும் என்று அதை உள்ளே தள்ளி, படிப்பறைச் சுவரோடு ஒட்டவைத்தது அவன் கைதான். வரைபடத்தில் அது ஒரு சின்னக் கட்டம், நடுவே ஒரு பெருக்கல் குறி. சத்தம் போடாது.

சொல்லாமல் விட்டால் ஜெயித்தவன் அவன்தான். சொன்னால் ஆயுசு முழுக்க மச்சானின் தீப்பெட்டிக்குள் குடித்தனம்.

"அந்த ரூம் வேணாம்மா" என்றான். "சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடும். ராத்திரி பகல்னு இல்லாம கடகடங்கும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அதை அங்க வச்சது யாரு?"

"நான்தான்."

"வைக்கும்போது உள்ள இருக்கப்போறது யாருன்னு நினைச்சீங்க?"

"யாரையும் நினைக்கல. பால்கனியத்தான் நினைச்சேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மச்சான்தான் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். விளம்பரத் தாளில் இருந்த வரைபடத்திலேயே அதைப் பார்த்துவிட்டாராம்.

"அப்பவே சொல்றதுக்கென்ன அண்ணா?" என்றாள் தங்கை.

"மாப்பிள்ளையே சொல்லட்டும்னு இருந்தேன். நாளைக்குக் காலை வரைக்கும் பொறுத்துப் பார்த்துட்டு, அப்புறம் நானே சொல்லியிருப்பேன்."

ஜெயித்தவரின் முகம் மச்சானுக்குச் சரியாக வரவில்லை. இவனைவிட அவர்தான் நெளிந்தார். தன் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கதவு மாட்டிய வீடு ஒன்று காலியாக இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று பொதுவாகத் தெருவைப் பார்த்துக் கேட்டார்.

சிமெண்ட் தூசு படிந்த வீடு. அவள் கடைசி அறைக்குள் போய்க் கனமான கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேரும் வெளியே, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி, சுவரோரம் நின்றார்கள். உள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. கைப்பிடி வைத்த உயரம் சரியில்லை என்று மாப்பிள்ளைக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் முகம் லேசாகச் சிவந்திருந்தது.

"உள்ள நின்னு உங்க ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டுச்சா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இல்லையென்று தலையாட்டினான்.

"அப்ப இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.