டிஸ்க் மாத்தி வச்சு

பிரசீதாவைக் கள்ளின்னு மட்டும் சொல்லல்ல, பாக்கி எல்லாம் சொல்லியாச்சு. நெய்யாற்றின்கரையில நான் கம்ப்யூட்டர் பாக்கிய லேபுல, ரத்தம் குடுக்க வந்திருந்த ஆளுவளுக்க முன்னால வச்சு முதலாளி சத்தியதாஸ் சார் கத்தினாரு. சர்வர் இருக்கியது ரிசப்ஷன்ல, பிரசீதாவுக்க மேசைக்குக் கீழ. அது எடைக்கெடைக்குத் தானா அணைஞ்சு தானா எழும்பும். இவ காலு வயருல தட்டித்தான் அணையுதாம். இன்னொருக்க அணைஞ்சா வேலைக்கு வரண்டாமாம்.

எனக்கு வந்த கோவம் கொஞ்சமா? அவரு காட்டின சாட்சி நான் குடுத்ததாக்கும். நான்தான் முன்னால பெருமையா விளக்கியிருந்தேன்: சர்வருல உள்ள லினக்ஸ் தானா விழுந்தா, உள்ள தூங்கிக் கிடக்கிய ஒரு குட்டி லினக்ஸ் எழும்பி, விழுந்த நேரத்துல மெமரியில உள்ளதை எல்லாம் ஒரு தனி டிஸ்குல எழுதிட்டு மெஷினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணும். கரண்ட் போனா ஒண்ணும் எழுதாது. இப்ப டிஸ்கு காலி. அப்ப வயருதானேன்னு அவரு கேட்டது நியாயந்தான். அதுதான் எரிச்சலைக் கூட்டிச்சு.

பிரசீதாவுக்க வீட்டுல சம்பளம் வாங்கியது அவ ஒருத்திதான். காலு அங்க எட்டவே எட்டாது சேச்சின்னு கண்ணு நெறஞ்சு நிண்ணா. நீ பேசாத இரு, மெஷினை நான் பேச வைக்கேன்னு சொன்னேன்.

சர்வரைத் திறந்து பாத்தா, குட்டி லினக்ஸுக்குக் குடுத்திருந்தது பழைய டிஸ்குக்க விலாசம். அந்த டிஸ்கே அங்க இல்ல, வேற ஒண்ணு இருக்கு. மெஷின் எத்தனை வட்டம் விழுந்தாலும் குட்டி பழையதைத் தேடி ஏமாந்துதான் போயிருக்கும்.

ஹார்டுவேர் பாக்கிய வெள்ளறடைக்காரன் ஷைஜுவை போனுல பிடிச்சேன். மெசேஜ் போட்டேனேன்னான். போட்டிருக்கான், இங்கிலீஷ் எழுத்துல: டிஸ்க் மாத்தி வச்சு. எல்லையில கிடக்கிய எங்க பாறசாலையில இந்த வார்த்தைக்கு ரெண்டு வீடு உண்டு. தமிழுல, பழையதை எடுத்துப் புதுசு வச்சாச்சு. மலையாளத்துல, வேலையைப் பின்னத்தைக்குத் தள்ளியாச்சு. ஷைஜு எனக்கிட்ட எப்பவும் மலையாளந்தான் பேசுவான், அதனால தள்ளிட்டான்னு நான் நினைச்சேன். அண்ணைக்குண்ணு பாத்து அவனுக்குத் தமிழ் வந்திருக்கு. நல்லா நாலு வார்த்தை கேட்டேன். பாறசாலைக்காரிக்குத் தமிழ் மறந்து போச்சான்னு அவனும் விடல்ல.

மனுசன் சொல்லித்தான் மெஷினுக்குத் தெரியணும்னா இது இன்னும் நடக்கும். டிஸ்கு ஒண்ணு உள்ள வந்தாலும் வெளிய போனாலும் லினக்ஸ் அதைக் கூவிச் சொல்லும். கேக்கத்தான் ஆளு வேணும். ஒரு விதி எழுதி வச்சேன்: கூவல் கேட்டா, டிஸ்கெல்லாம் மாறி அடங்கினதும், புது விலாசத்தோட குட்டி லினக்ஸைத் திரும்ப உண்டாக்கணும். ஒரு டிஸ்கை உருவி வேற சொருகினேன், விலாசம் தானா மாறிச்சு. பிறகு முதலாளியை உக்கார வச்சு, நானே மெஷினை வேணும்னு விழத்தட்டினேன். மெமரி மொத்தமும் டிஸ்குல வந்து கிடந்துது.

இது நீ தட்டினது, அவ காரியம் அடுத்த வட்டம் தானா அணையும்போ பாப்போம்னாரு. பாத்துக்கிடுங்க சாரேன்னேன். எனக்குப் பயமே இல்ல.

ஷைஜு வச்ச டிஸ்கும் கொஞ்ச நாளுல மக்கர் பண்ணிச்சு. எனக்கிட்ட மூச்சு விடாம அவன் வேற மாத்தினான். அதுக்குப் பிறகு ஒரு காலையில, பெஞ்சு நெறைய ஆளு இருக்கும்போ, சர்வர் விழுந்துது. நான் ஓடிப் போய்த் திறந்தேன். புது டிஸ்குல எல்லாம் இருந்துது. நெட்வொர்க் கார்டுக்க டிரைவர் புரோகிராம் மெமரியில கைவைக்கக் கூடாத இடத்துல கைவச்சு, மொத்தத்தையும் கவுத்திருக்கு.

ஸ்கிரீனை முதலாளி பக்கம் திருப்பி, வயரு தட்டி அணைஞ்சதுன்னா இதை எழுதினது ஆருன்னு கேட்டேன். அவரு வாசிச்சாரு. கண்ணாடியைக் கழத்தித் தொடச்சாரு. சரி சரி, பிரசீதா வேலையைப் பாருன்னு சொல்லிட்டு ரூமுக்குத் திரும்பினாரு.

பிரசீதா அடுத்த டோக்கனைக் கூப்பிடல்ல. எழும்பி நிண்ணா.

"சாரே, அண்ணைக்கு எல்லாருக்க முன்னாலயும் சொன்னீங்க. இண்ணைக்கும் எல்லாரும் இருக்காவ."

முதலாளி என்னைப் பாத்தாரு, நான் ஸ்கிரீனைப் பாத்தேன். அவரு ஆளுவளுக்க பக்கம் திரும்பினாரு.

"தப்பு எனக்க பக்கமாக்கும். இந்தப் பிள்ள ஒண்ணும் செய்யல்ல."

அவ உக்காந்து, முகத்தைத் தொடச்சிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டா.