ஆகஸ்டில் ஊருக்கு வராதவன்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எர்மெலிண்டாவின் ஊரில் கார் நிறுத்த இடம் இருக்காது. பாரிஸில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகளெல்லாம் ஒரே மூச்சில் ஸ்பெயினைத் தாண்டி, போர்த்துகலின் அந்த மலைமூலைக்கு வந்து, ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்புவார்கள். எவன் என்ன காரில் வந்தான் என்பதுதான் மாதம் முழுக்கப் பேச்சு. அவள் மகன் அபிலியோ மட்டும் மூன்று ஆகஸ்டாக வரவில்லை. கேட்டால் வேலை அதிகமாம். வேலையாம், பெரிய வேலை! அவன் ஜெயிலில் இருக்கிறான் என்று பாதி ஊர் சொன்னது. எவளோ மடக்கிப் போட்டுவிட்டாள் என்றது மீதி ஊர். எர்மெலிண்டாவுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. எல்லோரும் ஊருக்கு வருகிற மாதத்தில் அவள் மட்டும் தலைகீழாகப் பாரிஸுக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே அவள் தங்கை அல்சிரா ஒரு பழைய கட்டடத்தில் வாசல் காவல் பார்க்கிறாள். கேட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் அவள் வீடு. எர்மெலிண்டாவும் அங்கேயே தங்கினாள். அபிலியோ தினமும் காலையில் வந்து அம்மாவை ஊர் சுற்றக் கூட்டிப்போனான். இரும்புக் கோபுரம், ஆற்றுப் படகு, பெரிய மாதா கோயில் என்று நாலு நாள் அலைந்ததில் அவளுக்குக் கால் வீங்கிப் போனது. தன் வீட்டுக்கு மட்டும் அவன் கூட்டிப்போகவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் அவள் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. அவள் வாயைத் திறந்தால் போதும், அவள் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்ப்பான்.

தப்புப் பண்ணினவன்தான் அப்படிப் பார்ப்பான் என்பது அவள் கணக்கு.

"அல்சிரா, என்கிட்ட மறைக்காத. என்ன பண்ணித் தொலைச்சிருக்கான்?"

"எனக்கென்னக்கா தெரியும்? போன குளிர்காலத்துல நடுத்தெருவுல எதிர்ல வந்தேன். பெரிய துரை, கண்டுக்காமப் போயிட்டாரு. போடா போன்னு நானும் விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு பஸ்ஸு. அதுக்குள்ள தெரியலன்னா நான் பைத்தியமாயிடுவேன்டி."

சனிக்கிழமை அபிலியோ அவளை ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனான். மண்டை பிளக்கும் வெயில். குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்ததுமே அவள் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டியா?"

"என்னைய எவம்மா கட்டுவா?"

"யாரையாவது அடிச்சிட்டியா? போலீசு தேடுதா?"

"அம்மா! கொஞ்சம் சும்மா இரேன்." மறுபடியும் அவள் காதைத் தாண்டித்தான் பார்த்தான்.

அவள் எழுந்தாள். பையை அவனிடம் விட்டுவிட்டு முகம் கழுவக் கழிப்பறைக்குப் போனாள். புருஷன் செத்த பதினோரு வருஷமாக, ஊர் விதவைகளின் வழக்கப்படி, மேலே கருப்பு, தலையில் கருப்பு. வெயிலில் செத்துப்போகாதே, முடியாவிட்டால் கருப்பைக் கழற்றிவிடு என்று அல்சிரா கட்டாயப்படுத்தி உள்ளே பூப்போட்ட சட்டை ஒன்றை மாட்டிவிட்டிருந்தாள். அழுகையும் வியர்வையும் சேர்ந்து மூச்சு முட்ட, அவள் மேல்சட்டையையும் தலைத்துணியையும் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். மகன் என்ன சொல்வானோ என்று கூசிக்கொண்டே திரும்பி வந்தாள்.

அபிலியோ அவளை நேருக்கு நேர் பார்த்தான். நாலு நாளில் முதல் தடவை! அவள் நெஞ்சு லேசானது. அவன் பக்கத்திலிருந்த பைமேல் கையை வைத்து, மரியாதையாகச் சிரித்து, பிரெஞ்சில் சொன்னான்:

"மன்னிக்கணும் மேடம், இது எங்கம்மா இடம். இப்ப வந்துருவாங்க."

ஆகஸ்டுக்கு ஆகஸ்ட் ஊர்ப் பேரப்பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு, அந்த அளவு பிரெஞ்சு அவளுக்குப் புரியும். முதலில் கோபம்தான் பொங்கியது. பெற்றவளுக்கே வெட்கப்படுகிறானா? ஆனால் அந்தச் சிரிப்பில் விளையாட்டு இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு அது.

"அடேய், அபிலியோ."

குரலைக் கேட்டதும் அவன் பைமேலிருந்து கையை எடுத்தான்.

"எத்தன நாளாடா கண்ணு இப்படி?"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். பிறகு, "மூணு வருஷம்மா. நடுவுல கருப்பா மறைக்குது. ஓரத்துலதான் தெரியும். இனிமே சரியாகாதுன்னுட்டாங்க. காரை வித்துட்டேன்" என்றான்.

"அதுக்கு ஊருக்கு வரக்கூடாதா?"

"எப்படி, பஸ்ஸுலயா? ஆகஸ்ட்லயா? எல்லாரும் கார்ல வந்து எறங்க, நான் எதிர்ல வர்றவன் யாருன்னு தெரியாம முழிக்கணும். திமிரு புடிச்சவன்னு பேசுவாங்க."

"இப்ப மட்டும் உன்னைய மெச்சிக்கிறாங்களா? ஜெயில்ல இருக்கியாம்டா நீ!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழுதுவிட்டாள். பையைத் தள்ளிவிட்டு அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்கூட பஸ் ஏறுற. பேசுறவன் என்கிட்ட வந்து பேசட்டும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இந்த நாலு நாளும் என் மூஞ்சியவே பாக்கலியாடா?"

"பாத்தேம்மா. நேராப் பாத்தா நீ இருக்க மாட்ட. கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் இருப்ப. நாலு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் தன் முகத்தை மெல்லக் குளத்துப் பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான்.

"ரொம்ப எளைச்சுப் போயிட்டம்மா" என்றான்.