சீப்பு முளைக்காத கால்

கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. அன்னைக்குக் காலையில என் பிள்ளையோட சட்டையைப் பார்த்துட்டு, "பட்டனைக்கூட மாத்திப் போட்டிருக்கீங்களே அண்ணி"ன்னு நாத்தனார் சிரிச்சா. அவ்வளவுதான். வேணும்னே ஆய்வகத்துக்குத் தாமதமா போனேன்.

ரெண்டு பேருக்கும் ஒரே ஆய்வகம். பழ ஈ வளர்க்கிற இடம். அவ ஆராய்ச்சி மாணவி, நான் உதவியாளர். அன்னைக்கு அவளுக்கு வகுப்பு இருந்ததால, பெண் ஈக்களைப் பிரிக்கிற பொறுப்பை என்கிட்ட விட்டிருந்தா.

ஈயோட டி.என்.ஏ. ஹிஸ்டோன்ங்கிற புரதத்தைச் சுத்திக்கிட்டு இருக்கும். சில நொதிகள் கூட்டு சேர்ந்து அந்த ஹிஸ்டோன்ல மெத்தில்னு ஒரு சின்ன முத்திரை குத்தும். 'இந்த ஜீன் இங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும்'னு அர்த்தம். அந்தக் கூட்டத்துல யாருக்கும் தெரியாத இன்னொரு ஆள் இருக்குன்னு அவ கட்சி. அந்த ஆள் பழுதான ஆண் ஈயைப் பெண் ஈக்குக் கட்டி வெச்சா, முத்திரை சரியா விழாம, முன்னங்கால்ல மட்டும் இருக்க வேண்டிய சீப்பு, அதாவது சீப்புப் பல் மாதிரி முடி வரிசை, மகன்கள்ல பாதிப் பேருக்கு நடுக்கால்லயும் முளைக்கும்.

ஆனா பெண் ஈ கன்னியா இருக்கணும். கூட்டுலேருந்து வெளிய வந்த சில மணி நேரத்துல பிரிச்சிடணும். இல்லேன்னா கூடப் பொறந்த ஆண்களோட சேர்ந்துடும், அப்புறம் யாரைக் கட்டி வெச்சாலும் முக்கால்வாசி அந்த ஆண்களோட பிள்ளைகதான். நான் போனப்ப நேரம் தாண்டிடுச்சு. கொட்டிட்டு மறுநாள் புதுசா எடுத்திருக்கலாம். 'எல்லாம் கன்னிதான், போ'ன்னு அவளோட ஆண் ஈக்கள் இருந்த குப்பியில அள்ளிப் போட்டேன்.

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சுப் பொறந்த மகன்கள்ல ஒண்ணு ரெண்டைத் தவிர எதுக்கும் நடுக்கால்ல சீப்பு இல்ல. "உன் யோசனையே கோணல்"னு பேராசிரியர் அவ மூஞ்சிக்கு நேரா சொல்லி, வேலையை மூட்டை கட்டச் சொன்னார். அவ பாடுபட்டு உருவாக்கின அந்த ஆண் ஈ வம்சம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. குப்பியை எல்லாம் ஃப்ரீசர்ல போடச் சொல்லி என்னைத்தான் ஏவினார். அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம். வேலை போயிடுமேன்னு பயம். என் கையாலயே கொண்டு போய் வெச்சேன். பாவி நான். வீட்டுல அவ அழுத அழுகைக்கு எனக்குச் சோறு இறங்கல.

மறுநாள் காலையில என்னை மூலைக்கு இழுத்துட்டுப் போனா. "அண்ணி, சார் சொன்னா சொல்லட்டும். அவருக்குத் தெரியாம இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன். குப்பி எங்க?"

"ஃப்ரீசர்ல."

"விளையாடாதீங்க! உங்களுக்கு மனசு வந்திருக்காது, எனக்குத் தெரியும். எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

நேரம் தாண்டிப் பிரிச்சதுலேருந்து எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தேன். அவ திட்டல. நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலாம். ஃப்ரீசரைத் திறந்தா, ஒரு குப்பியை எடுத்து ரெண்டு உள்ளங்கைக்குள்ள பொத்தி ஊதினா.

"குளிர்ல மயங்கித்தானே கிடக்கும் அண்ணி? கொஞ்சம் சூடு பட்டா எழுந்துக்கும்ல?"

ராத்திரி முழுக்க அதுக்குள்ள கிடந்த ஈ எழுந்துக்காது. என்னைவிட அவளுக்கு அது நல்லாத் தெரியும். "எழுந்துக்கும்மா"ன்னு சொல்லிட்டு நானும் ஒரு குப்பியை எடுத்துப் பொத்திக்கிட்டேன்.