பாஸ்போர்ட் அளவு மூக்கு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது ஒரு டாக்டர். கதைகள் பிறக்க கனவு, காதல், கொள்கை என்று கௌரவமான இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. இது காது மூக்கு தொண்டைப் பிரிவில் பிறந்தது.

என் மூக்கை ஏற்கெனவே ஒருவர் அறுத்து, செதுக்கி, தைத்துக் கொடுத்துவிட்டார். அதைத் திருத்த முடியுமா என்று கேட்க இந்த அம்மாவிடம் போயிருந்தேன். என் முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பினார். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"எது பிடிக்கல?"

"மூக்குதான், டாக்டர்."

"அதைக் காட்டத்தானே வந்திருக்கீங்க. மூக்குல எது?"

நான் கல்லூரிச் சுவரில் ஒட்டும் கையெழுத்துப் பத்திரிகையான சுவரேட்டை நடத்துகிறவன். முதல்வரின் வழுக்கை, விடுதியின் தண்ணீர்த் தொட்டி, தேர்வு அலுவலரின் தும்மல் என்று எதைக் கொடுத்தாலும் அரைப் பக்கம் எழுதிவிடுவேன். அன்று வாயைத் திறந்தேன். மூக்கிலிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்தது. டாக்டர் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க. ரெண்டாந்தடவை வர்ற எல்லாரையும் எழுதச் சொல்வேன். விலாவிலேர்ந்து குருத்தெலும்பு எடுத்து வைக்கணும். சரியா வரலாம், வராமலும் போகலாம். மூணாந்தடவை கிடையாது, தோல் தாங்காது. அதனால யோசிச்சு எழுதுங்க. அப்புறம், ஆபரேஷன் அன்னிக்கு ராத்திரி கூட ஒருத்தர் இருந்தே ஆகணும். யார் வருவாங்கன்னு அதுலயே கடைசில எழுதிடுங்க."

கேட்டது ஒரு தாள்தான்.*

* எழுத்தாளனிடம் புகார் கேட்கக் கூடாது. வயிற்று வலிக்காரனிடம் நலம் விசாரித்த மாதிரி ஆகிவிடும்.

2

தொடக்கங்கள்:

"அவனைப் பொறுத்தவரை மூக்கு என்பது –"

(விட்டுவிட்டேன். 'என்பது' போட்ட வாக்கியம் பாடப்புத்தகத்தில்தான் போய் முடியும்.)

"அவள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்."

(ஆண்பிள்ளை மூக்குக்காக அழுதால் சிரிப்பீர்கள், பெண் அழுதால் நம்புவீர்கள் என்று ஒரு கணக்கு. இரண்டு பத்தி நன்றாகவே ஓடியது. போகப்போக அவள் என்னைவிட அழகாகிவிட்டாள். பொறாமையில் நிறுத்திவிட்டேன்.)

"மூக்கும் முழியுமாக ஒரு –"

(கூடாது. இந்தக் கதையில் மூக்கு சம்பந்தப்பட்ட வழக்கு எதையும் பயன்படுத்துவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். நம் மொழிக்காரர்கள் கோபத்தை அதன் நுனியில் வைத்தார்கள். வியப்பு வந்தால் விரலை அதன் மேல் வைத்தார்கள். அவமானம் வந்தால் அதையே உடைத்தார்கள். இவ்வளவு பாரம் தாங்குகிற உறுப்பு நடுவில் கொஞ்சம் அமுங்கினால் அதில் என்ன ஆச்சரியம்?)

சரி. 'நான்' என்றே எழுதுகிறேன். ஒளிந்துகொள்ள வேறு இடம் கிடைத்தால் சொல்கிறேன்.

3

வகுப்பு முடிந்ததும் ஒரு ஸ்டுடியோவில் பகுதி நேர வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டைப் படங்கள். முதலாளி எடுப்பார், நான் கணினியில் சரிசெய்வேன். முதல் நாளே அவர் ஒரு விதி சொன்னார்:

"பருவை எடு, மச்சத்தை எடுக்காத. நாளைக்கே போயிடறதை எடுத்தா ஒண்ணுமில்ல. கூடவே இருக்கறதை எடுத்தா ஆபீஸ்ல படத்தைத் திருப்பி அனுப்பிடுவான், ஆள் வேற படம் வேறன்னு."

ஊரார் படங்களில் எல்லாம் அந்த விதியைக் காப்பாற்றினேன். வேலை இல்லாத மதியங்களில் என் படத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். என் மூக்கின் நடுவில் ஒரு மேடு இருந்தது. கல்லூரியில் என் பெயர் கொக்கி. வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட ஒரு பேராசிரியர் வாய் தவறி "கொக்கி" என்றிருக்கிறார். நானும் "உள்ளேன் ஐயா" என்றிருக்கிறேன். திரையில் அந்த மேட்டை ஒரு நாள் கொஞ்சம் மழித்தேன், மறுநாள் இன்னும் கொஞ்சம். கடைசியில் வந்தது ஓர் அருமையான மூக்கு. அதை அச்சடித்து முதல் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் மேல் எனக்குப் புகாரே கிடையாது. பக்கவாட்டுப் படம் வேண்டாமா என்று கேட்டார். "இதே போதும் டாக்டர்" என்றேன். தொழில் புத்தி. பாஸ்போர்ட் படத்தில் ஏது பக்கவாட்டு? ஒரு மனிதனுக்கு முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பி தன் மூக்கை வடிவமைத்துக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கேட்டபடியே வந்தது. முன்னாலிருந்து பார்த்தால் படத்தில் உள்ள மூக்கேதான். பக்கத்திலிருந்து பார்த்தால், குண்டான ஒருவர் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன மெத்தை. உள்சுவரில் பொட்டு அளவு ஓட்டை வேறு. மூச்சு விட்டால் விசில் அடிக்கும். சத்தமுள்ள இடத்தில் கேட்காது. நூலகத்தில் கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் கட்டாயம் கேட்கும்.

4

இங்கே கட்டுரை மாதிரி ஒரு பத்தி வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிரில் உட்காருகிறவர்கள் யார்? வாடிக்கையாளர், தேர்வாளர், கடன் கேட்டு வந்தவர், சண்டை போடுகிறவர். பக்கத்தில் உட்காருகிறவர்கள் யார்? பேருந்தில் தோளில் தூங்கி விழுகிறவர். ஒரே புத்தகத்தை எட்டிப் பார்க்கிறவர். பேச ஒன்றுமில்லாதபோதும் எழுந்து போகாதவர். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த டாக்டரிடம் பக்கவாட்டைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். முன்பக்கம் எக்கேடு கெட்டால் என்ன?

கட்டு பிரித்த நாளிலிருந்து என் பக்கத்தில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன். பேருந்தில் நின்றே போகிறேன். வகுப்பில் சுவரோரம், பக்கத்து இருக்கையில் பை. ஸ்டுடியோவில்தான் சிக்கல். படத்தைத் தேர்ந்தெடுக்க வாடிக்கையாளர்கள் என் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்காருவது வழக்கம். பழைய கணினித் திரை ஒன்றைத் தூசி தட்டி, அவர்கள் எதிரில் உட்கார்ந்தே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டேன்.

"எதுக்குடா ரெண்டு திரை?" என்றார் முதலாளி.

"அவங்களுக்குக் கழுத்து வலிக்குதாம்."

"உன்கிட்ட சொன்னாங்களா? எனக்கு இத்தனை வருஷமா எவனும் சொல்லலையே."

அவர் நல்லவர். கேட்டுவிட்டுத் திரையைத் துடைத்தும் வைத்தார்.

5

இப்போது கொட்டாவி வர வேண்டும். இந்தப் பாத்திரம்தான் என்னைப் படுத்துகிறது.

கொட்டாவி என் நண்பன். சுவரேட்டில் நான் எழுத்து, அவன் படம். எந்த வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வாயைப் பிளந்துவிடுவதால் அந்தப் பெயர். ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் வேலை செய்வோம். நான் வாக்கியம் எழுதும்போதே அவன் மூலையில் முதல்வரை வரையத் தொடங்கிவிடுவான்.

முதல் பிரதியில், என் அறுவை சிகிச்சைக்கு அவன் எட்டியே பார்க்கவில்லை என்று எழுதினேன். கதைக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. நான் தனியாளானதற்கு ஒரு காரணம், காரணத்துக்கு ஒரு முகம். படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தொழில் பழக்கத்தில் அவனையும் சரிசெய்துவிட்டிருக்கிறேன். மச்சத்தை எடுத்துவிட்டேன். ஆள் வேறு, படம் வேறு.

நடந்தது இது. அன்று இரவு முழுக்க கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அவன்தான். என் மூக்கை அடைத்து வைத்திருந்தார்கள், வாயால்தான் மூச்சு. நான் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் அதைப் பார்த்து அவனுக்குக் கொட்டாவி வந்தது. "நீ வாயை மூடுடா, எனக்குத் தாடை வலிக்குது" என்றான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் திட்டினார்.

கட்டு பிரித்த பின் கல்லூரிக்குப் போனதும், பெஞ்சில் அவன் எனக்காக நகர்ந்து இடம் விட்டான். நான் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"என்னடா, இன்டர்வியூ எடுக்கறியா?"

"இங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு."

எதிரில் உட்கார்ந்து பார்த்தால் அவன் வரைகிற முதல்வர் தலைகீழாக இருப்பார். கருத்தளவில் அது சரிதான், ஆனால் வேலை நடக்காது. அடுத்த நாளும் எதிரில். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"புது மூஞ்சிக்குப் பழைய பெஞ்சு சரிப்படல போல. பரவால்ல, விடு."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம், "அது இல்லடா, என் மூக்கு –"

(இந்த வாக்கியத்தை அன்றும் முடிக்கவில்லை.)

6

வாசகருக்குச் சந்தேகம் வரும்: இவனுக்கு வீட்டில் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் தொலைவில். அவர்களுக்கு விஷயமே தெரியாது. இளைத்துப் போனதால் மூக்கு மாறிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறோம். பிள்ளை இளைத்துவிட்டான் என்றால் அம்மா எதையும் நம்புவாள். அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது மட்டும் தெரியும். அவள் கைக்குழந்தையுடன் இன்னொரு ஊரில். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவோம். அதுவும் முன்பக்கம்தான். சௌகரியம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பேச்சு நடுவே தண்ணீர் எடுக்கத் திரும்பிவிட்டேன்.

"நில்லு. திரும்பு."

"எதுக்கு?"

"திரும்புடான்னா."

திரும்பினேன். குழந்தை ஏதோ மழலை பேசியது. அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா. விசில் அடிக்குது."

சிரிப்பதா வேண்டாமா என்று அவள் தவித்தது தெரிந்தது. விலா எலும்பு விவகாரத்தைச் சொன்னேன். சமாளித்துக்கொண்டு, "அந்த எலும்பை வச்சு ஒரு பொண்ணையே படைச்சதா பைபிள்ல சொல்வாங்க. நீ மூக்கு பண்ணிக்கறேங்கற. உருப்பட்ட மாதிரிதான்" என்றாள். பிறகு, "கூட யார் இருப்பா? இவனை விட்டுட்டு என்னால வர முடியாதேடா. போன தடவை இருந்தானே, அந்தத் தூங்குமூஞ்சி, அவன் வருவான்ல?"

"வருவான்க்கா" என்றேன். முன்பக்கமாகப் பார்த்தபடி.

இந்த மூக்கைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டுமென்றால் இந்த மூக்கைத் திருத்த வேண்டும். சுவரேட்டில் வேறு யாராவது இப்படி எழுதிக் கொடுத்தால், செயற்கையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

7

இன்று காலை கொட்டாவியிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒரே கல்லூரியில் இருந்தும் பேசாமலிருந்த பல மாதங்களுக்குப் பிறகு. "படிப்பு முடிஞ்சதும் சேர வெளிநாட்டுல ஒரு வேலை கிடைச்சிருக்கு. விசாவுக்குப் படம் வேணும். சாயங்காலம் கடையில இருப்பியா?" நடுவில் ஒரு கொட்டாவி. அதைக் கேட்க மட்டும் இரண்டாவது முறை போட்டேன்.

எனவே முடிவுகள்.

முடிவு அ: அவனை எதிரில் உட்கார வைத்து, திரையில் படத்தைக் காட்டி, கைகுலுக்கி அனுப்புகிறேன். முதலாளியைக் கெஞ்சி ஓர் இரவு துணைக்கு வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்துகொள்கிறேன். எல்லாம் சரியாக வருகிறது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறேன். பக்கவாட்டில் நான் நல்ல அழகு. பக்கத்து இருக்கை காலி.

முடிவு ஆ: அவன் பக்கத்தில் உட்காருகிறான்.

"யாருடா விசில் அடிக்கிறது?"

"மூக்கு."

"இதுக்காடா எதிர்ல போய் உக்காந்த?"

"ம்."

"லூசு. என்னிக்கு ஆபரேஷன்? வர்றேன்."

(இதை எழுதியபோது கண்ணில் நீர் வந்தது. அதனால்தான் சந்தேகப்படுகிறேன். இது சரிசெய்த படம். பருவோடு மச்சமும் போய்விட்டது.)

முடிவு இ: அவன் பக்கத்தில் உட்காருகிறான். பார்க்கிறான். விசிலையும் கேட்கிறான். "நல்லாருக்கு" என்கிறான். படத்தை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லிப் போகிறான். கொட்டாவி என்னை 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசினால் அதைவிடப் பெரிய மூக்கறுப்பு கிடையாது.

(சத்தியம் போய்விட்டது. மன்னிக்கவும்.)

8

டாக்டர், நீங்கள் கேட்ட தாள் இதுதான். எது பிடிக்கவில்லை என்பதை எங்கேயோ எழுதியிருக்கிறேன், தேடினால் கிடைக்கும். கடைசியில் கேட்ட இடத்தை, 'கூட இருப்பவர்' என்று தலைப்பு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருக்கிறேன். நிரப்பத் தெரிந்தால் இந்நேரம் –

ஸ்டுடியோ கதவு திறக்கிறது.

தலைக்குத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருக்கிறான். சட்டைக் காலர் பித்தானைக்கூடப் போட்டிருக்கிறான். முதலாளி அவனை உள்ளே கூட்டிப்போய்ப் படம் எடுக்கிறார். "வாயை மூடுப்பா" என்று அவர் சொல்வது கேட்கிறது. இன்னொரு முறையும் சொல்கிறார்.

இதோ வெளியே வந்துவிட்டான். மூலையில் கிடந்த ஸ்டூலை ஒரு கையால் தூக்கிக்கொண்டான். எதிர்ப் பக்கம் திருப்பி வைத்த திரையைப் பார்க்கிறான். என் பக்கத்துக் காலி இடத்தைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான், முன்னாலிருந்துதான்.

"இதை எங்கடா போட?"

அவன் கேட்பது என்னைத்தான். நான் உங்களைக் கேட்கிறேன். முடிவு ஈ என்று ஒன்று உங்களிடம் இருக்கலாம். எதுவானாலும் சட்டென்று சொல்லிவிடுங்கள். அவன் உள்ளே நுழைந்ததிலிருந்து நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.