தூங்க வைப்பதற்கான சம்மதம்

மருதப்பன் அந்தக் கேள்வியைக் கேட்டாரா இல்லையா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. சில நாட்களில் கேட்டதாகத்தான் நினைவிருக்கிறது. "நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்மா?" அவர் குரலே காதில் விழுகிறது. வேறு சில நாட்களில், பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டது என்று படுகிறது. எழுபத்தொன்பதாம் வருடம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. விலங்குக் காப்பகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

முன்மேசையில் என் வேலை இரண்டு படிவங்களை நிரப்புவது. ஒன்று, கருத்தடை அறுவைக்கு. இன்னொன்று, வளர்க்க முடியாமல் விட்டுப்போகும் நாய் பூனைகளுக்கு. இரண்டாவதுதான் அதிகம் செலவானது. கம்பம் என்று சொல்லும் பழைய பலகைவீட்டுக் குடியிருப்புகளை இடித்து எல்லாரையும் அடுக்குமாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாய்கள் எங்களிடம் வந்தன. எடுத்து வளர்க்க ஆள் வருவது அபூர்வம். இருந்ததோ பதினெட்டுக் கூண்டுகள். இடமில்லாதபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டாக்டர் ஊசி போடுவார். கொல்வது என்ற சொல்லை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் தூங்க வைப்பது என்பார்கள். கான்வென்ட்டில் படித்த நான் தமிழிலும் அப்படியே சொல்லப் பழகியிருந்தேன்.

கூண்டு கழுவும் பெர்னார்ட் என்னைச் சீண்டுவான். "ஜோசபின் அக்கா பேசுறது நல்ல தமிழ்லா. இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் புரியும்."

மருதப்பன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மரக்கிடங்கில் காவலாளி. அறுபது வயதிருக்கும். கயிற்றின் மறுமுனையில் மைலோ பானத்தின் பழுப்பு நிறத்தில் ஒரு பெண் நாய், பெயரும் மைலோதான். அது அவர் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"குவீன்ஸ்டவுன்ல ஃபிளாட் கெடச்சிருச்சும்மா. இனிமே இதுக்குக் குட்டி..."

ஃபிளாட் கிடைத்துவிட்டது என்று தொடங்கியவர்கள் எல்லாரும் அதுவரை ஒரே காரியத்துக்குத்தான் வந்திருந்தார்கள். முழுதும் சொல்ல விடாமல் இருப்பது அவருக்கு நான் செய்யும் உதவி என்று நினைத்தேன். இரண்டாவது படிவத்தை எடுத்தேன்.

"தூங்க வெச்சிடலாங்களா ஐயா?"

"தூங்க வெச்சுத்தானேம்மா செய்யணும். வலிக்குமா?"

"வலிக்காது. அதுக்குத் தெரியவே தெரியாது."

"அப்பச் சரி. பயந்த நாய். டாக்டர்கிட்ட சொல்லிருங்க."

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தன் பெயரைத் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கயிற்றை என் கையில் கொடுத்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், அல்லது கேட்கவில்லை. நான் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். அவித்த மீன் வாசனை அடித்தது. மேசையருகே குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"முழிச்சிருச்சா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பின்னால் பெர்னார்ட் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"செத்துருச்சு ஐயா. நாங்கதான்..."

"ஆபரேஷன்லயா?"

"இல்ல. ஆபரேஷன் பண்ணல."

அவர் மேசையில் கிடந்த படிவங்களைப் பார்த்தார். "குட்டி போடாம இருக்கத்தானேம்மா கொண்டாந்தேன். போன ரெண்டு ஈத்தையும் இங்கதான் கொண்டாந்து குடுத்தேன். ஒண்ணுகூட மிஞ்சல. இனி எதுவும் சாக வேணாம்னுதானே."

அதைக் கேட்கத் தாங்காமல்தான் அடுத்த தவற்றையும் செய்தேன். வேறு நாய் ஒன்றை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். என் பின்னால் கூண்டுகள்வரை வந்தார்.

"இதுல எதை இந்த வாரம் தூங்க வெப்பீங்க?"

கடைசி மூன்றைக் காட்டினேன். ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். தூக்குச்சட்டியைத் திறந்து, மீனை முள் எடுத்து, மூன்று பங்காகப் போட்டார்.

"எதையாச்சும் ஒண்ண எடுத்துக்குங்க மாமா," என்றான் பெர்னார்ட்.

"ஃபிளாட்டுல ஒண்ணுதான்டா விடுவாங்க. ஒண்ண எடுத்தா மத்த ரெண்டையும் நான்ல எழுதிக் குடுத்த மாதிரி."

சட்டியை மூடிக்கொண்டு வெளியே நடந்தார்.

அன்றே இரண்டாவது படிவங்கள் எல்லாவற்றின் அடியிலும் தமிழில் ஒரு வரி எழுதினேன்: என் நாயைக் கொன்றுவிடச் சம்மதிக்கிறேன். டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதைப் படித்தவர்களில் பலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னொரு படிவம் இருக்கிறதாமே என்று கேட்டார்கள்.

மருதப்பன் எண்பத்திரண்டில் குவீன்ஸ்டவுனில் இறந்தார். அதுவரை அவர் வேறு நாய் வளர்க்கவில்லை என்று பெர்னார்ட் விசாரித்து வந்து சொன்னான். பிறகு அவனும் ஜூரோங்கில் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். டாக்டர் தன் நாட்டுக்குத் திரும்பினார். நான் எண்பத்தாறு வரை அதே மேசையில் இருந்தேன். அந்த மூன்று நாய்களில் ஒன்றை கேலாங்கில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் அந்த வெள்ளிக்கிழமை கொன்றோம்.